ஐந்து ஆதாரங்களுடன் சனிக்கிழமை

எனக்கு மாமாவாக வாய்த்த ஒரே காரணத்தால் பல சங்கடங்களைச் சிரித்த முகத்துடன் சந்தித்துவரும் அன்பு மாமாவுக்கு,

இதனால் நம் குடும்பத்தார் அனைவருக்கும், குறிப்பாக என்மேல் நம்பிக்கை இழந்த பிரிவினருக்கும், முறைப்படி அறிவிக்கப்படுவது என்னவென்றால்: நான் நூலகத்தில் உறுப்பினராகிவிட்டேன். அட்டை கொடுத்துவிட்டார்கள். புகைப்படத்தில் ஒரு காது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மற்றபடி அட்டை செல்லும். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, மழைக்கு ஒதுங்கவில்லை, பந்து உள்ளே விழவில்லை. சொந்தக் காலில், சொந்த விருப்பத்தில், வாசல் வழியாகவே போனேன். செய்தி கேட்டதும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்பா மட்டும், "நூலகத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று விசாரித்தார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்கள், அத்தை, குட்டிப்பாப்பா, படகு ஆகிய நால்வரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (இது முக்கியத்துவ வரிசை அல்ல. கடிதத்தை அத்தை படித்தால், அத்தைக்கு முதலிடம் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளவும்.) போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் பட்டறையில் மோட்டார் ஓடும் சத்தத்தில் நான் "ஜெயிச்சுட்டேன்" என்றால் உங்களுக்கு "ஜுரம்" என்று கேட்கும். அதோடு போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் உண்மைக்கு இழுத்து வருவார். கடிதம்தான் என்னைப் போன்றவர்களுக்கு ஏற்ற இடம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "டேய் வாலு, சனிக்கிழமை காலையில வந்தேன்னு வை, எஞ்சினைப் பிரிக்கிறதும் மாட்டுறதும் உன் கையில. தண்ணியில இறக்குற அன்னைக்கு முதல்ல ஓட்டுறது நீதான். வரலைன்னா நானே முடிச்சுடுவேன், அப்புறம் மூக்கால அழக்கூடாது." அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் கியர் விழுகிறது. ஆனால் வாரநாட்களில் நீங்கள் அடுத்தவர் படகைப் பார்க்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரைத் தொட்டால் சாப்பாடு கிடையாது என்பது அத்தையின் சட்டம். நம் படகுக்கு மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான். எங்கள் பள்ளியோ இந்த ஊரிலேயே சனிக்கிழமையும் அரைநாள் நடக்கும் ஒரே பள்ளி. மத்தியானம் மணி அடித்து, பஸ் பிடித்து, இரண்டு முறை மாறி நான் வந்து சேரும்போது நீங்கள் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு இருப்பீர்கள். ஆக, எனக்கும் அந்தப் படகுக்கும் நடுவில் நிற்பது ஒரு அரைநாள். அந்த அரைநாளைத்தான் மாமா, நான் தூக்கிவிட்டேன்! கையால் அல்ல, ஆய்வால்!

எப்படி என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் வரலாற்று ஆசிரியையை நாங்கள் அடிக்குறிப்பு டீச்சர் என்போம். எதைச் சொன்னாலும் சொல்லி முடித்துக் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சேர்ப்பார். அவர் வகுப்புக்கு வந்து, "ஒரு மாசம். ஆளுக்கு ஒரு நூலக ஆய்வு. கேள்வி உங்களோடது. அஞ்சு ஆதாரம் வேணும், அஞ்சும் நூலகத்துல நீங்களே கையால தொட்டதா இருக்கணும். போன்ல பாத்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, கனவுல வந்தது எதுவும் கணக்குல சேராது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வருஷம் ஒருத்தன் கனவுல வந்ததை எழுதியிருந்தான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை மாமா, அது எனக்கு முந்தைய தலைமுறை. அடுத்து அவர் சொன்னதில்தான் என் முதுகு நிமிர்ந்தது. "தலைமையாசிரியர் முன்னாடிதான் படிக்கணும். பள்ளிக்கு உபயோகமா ஏதாவது நிரூபிச்சீங்கன்னா அவர் அப்படியே செஞ்சும் காட்டுவார். தண்ணிக் குழாய் வெயில்லேருந்து நிழலுக்கு வந்தது ஒரு ஆய்வாலதான்." குரல் தாழ்ந்தது. "அவருக்கு ஆதாரம்னா உயிர்."

ஆய்வுக்கும் ஓய்வுக்கும் முதலெழுத்தில்தான் வித்தியாசம் என்பதால் முதல் வாரம் இரண்டாவதை முடித்துக்கொண்டேன். பிறகு 'தூக்கம்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதைப் பார்த்து, "களப்பணி வேணாம், நூலகப்பணின்னு சொன்னேனே" என்று திருப்பிக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு நூலகர் அக்கா இருக்கிறார். உதட்டில் விரலை வைத்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும். ஆனால் கேள்வி என்று போய் நின்றால் ஆளே வேறு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்ன தலைப்பு?"

"விளையாட்டு."

"எந்த விளையாட்டு?"

"எல்லாம்தான்."

அக்கா என் தோளைப் பிடித்து அடுக்குகளின் பக்கம் திருப்பினார். "இங்கேருந்து அந்த ஜன்னல் வரைக்கும் விளையாட்டு. மிச்சம் மாடியில இருக்கு. எல்லாத்தையும் படிச்சிட்டு வா. நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள வந்துடு, அது போதும்."

சரி, குறைத்துக்கொள்வோம் என்று ஒரு மூலையில் உட்கார்ந்து குறைத்தேன். விளையாட்டை நீர் விளையாட்டாக்கினேன், அதைப் படகாக்கினேன், படகை மோட்டார் படகாக்கினேன். குறைக்கிற கை சும்மா இருக்குமா? கடைசியில் 'என் மாமாவின் மோட்டார் படகு' என்று வந்து நின்றது. அக்காவிடம் காட்டினேன்.

"உங்க மாமா படகைப் பத்தி இதுவரைக்கும் யாராவது எழுதியிருக்காங்களா?"

"எங்க அத்தை எழுதியிருக்காங்க. திட்டி."

"அச்சுல வந்திருக்கா?"

"அச்சுல ஏத்துற மாதிரி இருக்காதுக்கா."

"மொதல்ல கடலைக் கேட்டே. இப்ப ஒரு சொட்டைக் கேக்கிறே. நடுவுல ஒரு குடம் அளவுக்கு இருக்கும் பாரு, அதைக் கொண்டு வா." என் முகம் தொங்கியதைப் பார்த்து அவரே தொடர்ந்தார். "சரி, தலைப்பை விடு. தினமும் உனக்கு எரிச்சல் வர்ற விஷயம் ஒண்ணு சொல்லு."

"எங்க அக்கா கண்ணாடி முன்னாடியே நிக்கிறது."

"அது குடும்ப விவகாரம். நூலகம் தலையிடாது. வேற?"

"சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்."

"ஏன், உங்களுக்கு மட்டும் சனிக்கிழமை இருக்கு?"

"அதான் எனக்கும் தெரியல."

"தெரியலை இல்ல? அப்ப அதான்டா கேள்வி!"

மாமா, அந்த நிமிஷம் இருக்கிறதே, எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்ட மாதிரி! இத்தனை நாள் நான் சனிக்கிழமையைத் திட்டியிருக்கிறேன், வயிற்றுவலி என்று ஏமாற்றியிருக்கிறேன், பள்ளி மணியின் நாக்கில் துணி சுற்றியிருக்கிறேன். ஏன் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கா ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எழுதினார்: எப்போது தொடங்கியது? யார் முடிவு செய்தார்கள்? என்ன காரணம்? அதற்கு முன் எப்படி இருந்தது? முதல் மூன்றும் அருமையான கேள்விகள். நான்காவதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை, அதற்கு முன் மாணவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும் என்பதால் அதை மடித்துவிட்டேன்.

அடுத்து திட்டம். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வரச் சொன்னார் அக்கா. படிக்கிற நாளுக்கு முன் எழுதுகிற வாரம், அதற்கு முன் குறிப்பெடுக்கிற வாரம், அதற்கு முன் தேடுகிற வாரம், நடுவில் எதிர்பாராத தொல்லைக்கு இரண்டு நாள். (தொல்லையே நான்தான் என்பதால் இதில் குழப்பம்.) வீட்டுக்கு வந்து பெரிய தாளில் அட்டவணை போட்டுக் கூடத்துச் சுவரில், ஈரம் ஊறிய இடத்தை மறைத்து ஒட்டினேன். தேடுவதற்கு நீலம், படிப்பதற்குப் பச்சை, எழுதுவதற்குச் சிவப்பு. கட்டங்களுக்கு நிழல் எல்லாம் வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், அந்த அட்டவணைப்படியே நான் நான்கு நாள் பின்தங்கியிருந்தேன். கல்லூரியில் படிக்கிற என் சொந்த அக்கா வந்து பார்த்து, "அட்டவணையில 'அட்டவணை போடுதல்'னு ஒரு கட்டம் போட்டிருக்கலாமே" என்றாள். போட்டேன். அதற்கு ஊதா.

தேடும் படலம். நூலகக் கணினியில் 'சனிக்கிழமை' என்று அடித்தேன். ஒரே ஒரு புத்தகம் வந்தது: சிறுவர்களுக்கான கோள்கள். சனியின் வளையங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றை வைத்துத் தலைமையாசிரியரை அசைக்க முடியாது. அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "உன் மனசுல இருக்கிற வார்த்தையையா புத்தகத்துக்கு வெச்சிருப்பாங்க? அதை எழுதினவங்க என்ன பேர் வெச்சிருப்பாங்கன்னு யோசி." யோசித்தேன். பள்ளி வேலைநாள், கால அட்டவணை, பள்ளி வரலாறு, ஆண்டு மலர்... அடிக்க அடிக்கத் திரையில் வந்து குவிகிறது மாமா! ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அந்த எண்தான் அடுக்கில் அதன் வீட்டு முகவரி. நான் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்களை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டதால் பள்ளி வரலாறு தேடிப் போய்ப் பாலூட்டும் தாய்மார்களுக்கான கையேட்டில் முடிந்தேன். அங்கே ஏற்கெனவே என் சிநேகிதன் ஒட்டடைக்குச்சி நின்றுகொண்டிருந்தான். (உயரம் காரணமாக இந்தப் பெயர். அவன் ஆய்வு சிலந்திகளைப் பற்றி. இது பெயர் காரணமாக அல்ல.) இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, "நீ இங்க என்னடா பண்றே?" என்று ஒரே நேரத்தில் கேட்டோம். அக்காவின் விரல் உதட்டுக்குப் போனது.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் நூலகம்தான். ஆண்டு மலர்களும் பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களும் பின்னறையில், ஒவ்வொரு ஆண்டும் ஒரு தடித்த பைண்டாக நிற்கின்றன. தூக்கினால் தோள் இறங்கும், திறந்தால் தும்மல் வரும். ஒட்டடைக்குச்சி ஏணி இல்லாமலே மேல் அடுக்கிலிருந்து எடுத்துத் தருவான், பதிலுக்கு நான் அவனுக்கு நிஜ சிலந்திகளைப் பிடித்துத் தருவேன். சிலந்திகள் ஆதாரமாகக் கணக்கில் சேரா என்று தெரிந்ததும் அவன் அவற்றைத் திரும்ப விட்டான். எங்கே விட்டான் என்பதில் அக்காவுக்கும் அவனுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மாமா, கிடைத்தது! நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆண்டு மலர். அன்றைய தலைமையாசிரியரின் உரை, ஆறாம் பக்கம், கீழ்ப் பத்தி. அப்படியே தருகிறேன்: 'கூரைப் பழுதுபார்ப்பு முடியும்வரை சனிக்கிழமைகளில் முற்பகல் வகுப்புகள் நடைபெறும். இது தற்காலிக ஏற்பாடே. நெடுநாள் நீடிக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.' புரிகிறதா? கூரையைப் பிரித்தார்கள், வாரநாட்களில் பாடம் கெட்டது, ஈடுகட்டச் சனிக்கிழமை காலையை எடுத்துக்கொண்டார்கள். கூரை முடிந்தது. சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்கள்! நாற்பது வருடமாக ஒரு மறதியை மணி அடித்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள்! நான் நாற்காலிமேல் ஏறிக் கத்தினேன். பத்திரிகை படித்துக்கொண்டே தூங்கும் பெரியவர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, "யாருக்கு வேலை கிடைச்சுது?" என்று கேட்டார். நூலகர் அக்கா விரலை உதட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஏற்கெனவே ஒரு சிரிப்பு இருந்ததால், விரலைத் திரும்ப இறக்கிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். "சரி, அதுக்கு முந்தின வருஷம்?" என்றார். கல்யாணப் பந்தலில் வந்து கணக்கு கேட்பவர் மாதிரி. "பாத்துடலாம்க்கா" என்றேன்.

குறிப்பெடுப்பதில்தான் சிறு விபத்து நடந்தது. ஒரு செய்திக்கு ஒரு அட்டை, அட்டையின் தலையில் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. அத்தனை அட்டைக்கு எங்கே போவேன்? அப்பா புதிதாக அச்சடித்து வைத்திருந்த பெட்டி நிறைய விசிட்டிங் கார்டு, பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பா ஆயுள் காப்பீட்டு முகவர் என்பதும், மறுநாள் காலை அவர் அதே பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போவார் என்பதும் என் அட்டவணையில் எந்த நிறத்திலும் இல்லை. இரும்புக்கடைக்காரரை அப்பா இரண்டு வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கிறார். அவர் 'அப்புறம் பாக்கலாம்' மனிதர். சாயங்காலம் அப்பா ஒரு மாதிரியான முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்னாச்சுன்னே புரியல. வழக்கம்போல கார்டைக் கொடுத்தேன். திருப்பிப் பாத்தார். அப்படியே முகம் வெளுத்துப் போச்சு. 'இவ்வளவு நாளா இதை ஏன் என்கிட்ட நேரா சொல்லலை?'ன்னார். ரெண்டு பாலிசிக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுட்டார்!"

நான் மெதுவாகப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் முதல் அட்டை, ஆய்வின் உயிர்நாடி, காணோம். புரிந்துவிட்டதா மாமா? அப்பாவின் பெயருக்கும் 'ஆயுள் காப்பீடு' என்ற எழுத்துக்கும் நேர் பின்னால், என் அழகிய கையெழுத்தில்: 'இது தற்காலிக ஏற்பாடே. நெடுநாள் நீடிக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.'

ஓடினேன். கடைக்காரர் அதைக் கல்லாப்பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். "இதைப் பாத்துட்டுத்தான் தம்பி இனிமே காலையில நடக்கப் போறேன். உங்க அப்பா சாதாரண ஆளில்லை, பெரிய ஞானி" என்று தரவே மறுத்துவிட்டார். அவருக்கு முன்னாலேயே நின்று இன்னொரு அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். எழுதும்போது அவர் பெருமூச்சு விட்டு, "ஆறாம் பக்கம்னு வேற போட்டிருக்கு. எல்லாம் எங்கியோ எழுதி வெச்சிருக்கு பாரு" என்றார். நான் மறுக்கவில்லை. வீட்டில் இன்னும் யாருக்கும் உண்மை தெரியாது. அப்பா எல்லாம் கார்டைத் தன் கையால் கொடுத்த ராசி என்று நம்பிக்கொண்டிருக்கிறார், நாம் கெடுப்பானேன்?

இப்போது சிகரம். இன்று வெள்ளிக்கிழமை, ஆய்வு படிக்கும் நாள். முன்வரிசையில் தலைமையாசிரியர், பக்கத்தில் அடிக்குறிப்பு டீச்சர். ஒட்டடைக்குச்சி சிலந்தியைப் படித்து முடித்தான், சுமாரான கைதட்டல். நான் எழுந்தேன். மாமா, நான் எழுந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேள்வியைச் சொன்னேன், வகுப்பு நிமிர்ந்தது. ஆண்டு மலரைச் சொன்னேன், வகுப்பு மூச்சுவிட மறந்தது. செய்தித்தாளில் வந்த கூரைத் திறப்பு விழாப் படத்தைக் காட்டினேன். வேலை முடிந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? படத்தில் கூரை இருக்கிறது! கட்டடம் கட்டியவரைப் பேட்டி கண்ட இன்னொரு நாளின் பத்திரிகை மூன்றாவது. மற்றப் பள்ளிகளில் சனிக்கிழமை கிடையாது என்று சொல்லும் நகரப் பள்ளிகளின் கையேடு நான்காவது. ஐந்தாவதும் ஒன்று உண்டு, பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் வேகமாகப் போய்விட்டேன். "ஆகவே கனம் தலைமையாசிரியர் அவர்களே, நாற்பது வருடப் பழமையான தற்காலிகத்தை முடித்துவைக்க வேண்டுகிறேன்!" என்று மேசையைத் தட்டினேன். சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தற்காலிகம்னா தற்காலிகம்தான். இத்தனை வருஷமா யாருமே கேக்கல பாரு." பிறகு கையை நீட்டினார். "அந்த ஆதாரப் பட்டியலைக் குடு. திங்கக்கிழமை முடிவைச் சொல்றேன்." டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அடிக்குறிப்பே இல்லாமல். அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்ததாக எனக்குத் தோன்றியது, ஒட்டடைக்குச்சி அது சளி என்கிறான், அவனுக்குப் பொறாமை. அவர்கள் வெளியே போனதும் வகுப்பே என்னைத் தூக்கிக்கொண்டது. கடைசி பெஞ்ச் கூட்டம் வருகிற மூன்று சனிக்கிழமைக்குக் கால்பந்தாட்ட அட்டவணை போட்டுவிட்டது. வழக்கமாக என்னைக் கண்டால் பையை மார்போடு அணைத்துக்கொள்ளும் வகுப்புத் தலைவிகூட, "பரவாயில்லையே, உனக்குள்ளேயும் ஏதோ இருக்கு" என்றாள். நாளைய அரைநாள்தான் இப்பள்ளி வரலாற்றின் கடைசிச் சனிக்கிழமை என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கையொப்பமும் இட்டேன்.

ஆகவே மாமா, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறுகிறேன். பட்டறை மாடியில் கட்டிலைத் தட்டிப் போடவும். என் அளவுக்கு ஒரு பழைய சட்டை எடுத்து வைக்கவும், கிரீஸ் பட்டால் அம்மா கேட்காத நிறமாக. கார்புரேட்டரைத் தொட்டுவிடாதீர்கள், அது என்னுடையது. நூலக ஆய்வை எப்படித் தொடங்குவது, எப்படித் திட்டமிடுவது என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது திணறினால் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறும் நேரத்தில் இலவசமாக வகுப்பெடுக்கிறேன். கேள்வி கையில் இருந்து, திட்டம் சுவரில் இருந்து, ஆதாரம் அட்டையில் இருந்தால் உலகத்தில் எந்த மணியையும் நிறுத்தலாம்.

அத்தைக்கு என் வணக்கத்தையும், குட்டிப்பாப்பாவுக்குக் கன்னத்தில் ஒன்றும், படகுக்கு இடது பக்கத்தில் ஒரு தட்டும் சேர்ப்பிக்கவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், அப்பாவிடம் பாலிசியோடும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளை மீட்டவனும், தங்கள் அன்பு மருமகனுமான
வாலு

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இன்று திங்கட்கிழமை. மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது மாமா. கொஞ்சம் என்றால், முழுவதும்.

காலையில் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னை மேடைக்கு அழைத்தார். தலையை வாரிக்கொண்டு ஏறினேன். "இவர் ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடிச்சிருக்கார்" என்றார். கைதட்டல். "தற்காலிக ஏற்பாடு முடிவுக்கு வருது." விசில். கை உயர்த்தி வணக்கம்கூடச் சொன்னேன். பிறகு அவர் பட்டியலை விரித்தார். "இவரோட அஞ்சாவது ஆதாரம் அதுக்கு முந்தின வருஷத்து ஆண்டு மலர். சனிக்கிழமை மத்தியானம் நானே நூலகத்துக்குப் போனேன். அன்னைக்குத்தான் பைண்டர்கிட்டேருந்து திரும்பி வந்திருந்தது. பசை வாசனைகூடப் போகல." எனக்கு அப்போதே காது அடைத்துவிட்டது. அவர் படித்தார்: 'வழக்கம்போல் இவ்வாண்டும் சனிக்கிழமைகளில் வகுப்புகள் மாலை வரை சிறப்பாக நடைபெற்றன.'

ஆமாம் மாமா. அதற்கு முன் முழு நாள். கூரை வேலைக்காரர்களுக்காக மத்தியானத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அரைநாள் தண்டனை இல்லை, சலுகை. மறந்துபோய் நாற்பது வருடமாக எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சலுகை. அதை ஆதாரத்தோடு முடித்துவைத்தவன் நான். இந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை மாலை வரை பள்ளி. கால்பந்துக் கூட்டம் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. இந்த வரிகளை நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், வாசலில் நூலகர் அக்கா இருப்பதால்தான் எவனும் உள்ளே வந்து கத்த முடியவில்லை. ஒட்டடைக்குச்சி மட்டும் மேல் அடுக்குக்கு மேலாகத் தலையை நீட்டி, "ஆறு மணிக்கு மூடுவாங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த அஞ்சாவதை நீ படிச்சிருப்பே இல்ல?" படித்தேன் என்றால் தெரிந்தே ஊரைக் காட்டிக்கொடுத்தவன். படிக்கவில்லை என்றால் பொய்யன். இரண்டில் எது குறைவாக வலிக்கும் என்று யோசித்து நின்றேன். அடிக்குறிப்பு டீச்சரும் பக்கத்தில் நின்றார். "படிக்கல சார்" என்றேன். "தொடவாவது தொட்டியா?" என்றார் டீச்சர். "அது இருந்த இடத்தைத் தொட்டேன் டீச்சர்" என்றேன். தலைமையாசிரியர் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. ஆய்வை முதலிலிருந்து செய்ய வேண்டும், மடித்துவிட்ட நான்காவது கேள்வியில் ஆரம்பித்து. அரைநாள் போதும் என்று நிஜமாகவே ஐந்து ஆதாரம் காட்டினால் யோசிப்பாராம். அதுவரை முழு நாள். அதற்குள் நீங்கள் படகைத் தண்ணீரில் இறக்கிவிடுவீர்கள். இறக்கிவிடுங்கள் மாமா, எனக்காகக் காய வைக்க வேண்டாம். முதல் ஓட்டத்தையும் நீங்களே ஓட்டுங்கள். கட்டிலையும் தட்ட வேண்டாம்.

மற்ற நான்கையும் விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் ஏன் ஐந்தாவதை மட்டும் தேடிப் போனார் என்று கேட்பீர்கள். பக்க எண் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கம்பீரமாக 'பக்கம் 47' என்று போட்டிருந்தேன். அவர் இங்கே மாணவராக இருந்தபோது அந்த மலரின் கடைசிப் பக்கத்தில் கட்டுரை எழுதியவராம். மொத்தமே நாற்பத்து நான்கு பக்கம்தான் மாமா.